கழுவிய கம்பளியும் வீசிய தாளும்: புல்லட்டின் எண்ணெய் வடிகட்டிக்கு ஒரு பம்பாய் வரலாறு

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழமையான வண்டிகளுக்கெனத் தனிப்பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகள், வணிகப் பயன்பாட்டில் இல்லையெனில், 'விண்டேஜ்' என்ற வகையில் பதிவு பெறலாம். எண்பலகையில் 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கட்டணத்தைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது ஒரு நிபந்தனை: வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சட்டகம், உடற்பகுதி, என்ஜின் ஆகியவற்றில் பெருமளவு மாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது.

'அசல்' என்ற சொல் விதிப்புத்தகத்தில் இயல்பாக அமர்ந்துவிடுகிறது. மும்பையின் மோட்டார் பட்டறைகளில் அவ்வாறு அமர்வதில்லை. 1960களில் திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட் ஒன்றில், கம்பளி வடிகட்டியை எடுத்துவிட்டுத் தாள் வடிகட்டியைப் பொருத்தினால் அது பராமரிப்பா, மாற்றமா? குழாய்களை வெளியே இழுத்து, காருக்குரிய திருகு வடிகட்டி ஒன்றைச் சட்டகத்தில் பொருத்தினால்? கையளவுப் பொருள் பற்றிய கேள்விதான். ஆயினும் ஓர் இயந்திரத்தின் வரலாற்றை அது பிறந்த ஆண்டைக் கொண்டு எழுதுவதா, அது பழுது பார்க்கப்பட்ட ஆண்டுகளைக் கொண்டு எழுதுவதா என்ற பெரிய வழக்கு இந்தச் சிறு பொருளுக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் வண்டி. புல்லட் என்ற பெயர் 1932இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் சூட்டியது. இந்தியா அறிந்த புல்லட் அதன் பிற்கால வடிவம். 1940களின் இறுதியில் உருவானது. எல்லைக் காவலுக்காக 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் 350 சிசி வண்டிகளை மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியே தருவித்தது. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. 1956 முடிவதற்குள் திருவொற்றியூரில் 163 வண்டிகள் கோக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. 1970இல் ஆங்கிலேய நிறுவனம் மூடப்பட்ட பிறகு, அந்த என்ஜினின் உயிருள்ள வரைபடம் உலகில் திருவொற்றியூர் ஒன்றில்தான் இருந்தது. ஆகவே புல்லட்டைப் பொறுத்தவரை, அசல் எங்கே என்று கேட்பவர் ரெட்டிச்சைக் காட்டுவதா வடசென்னையைக் காட்டுவதா என்பதே தெளிவில்லை. பழவண்டி ஆர்வலர்களிடையே ரெட்டிச்சைக் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அது காலனியக் கௌரவத்தின் எச்சமே அன்றி வரலாற்றுக் கணிப்பு அன்று.

அடுத்து அதன் எண்ணெய்ப் பாதை. பழைய புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி வெளியே தனியாகத் தொங்குவதில்லை. என்ஜின் வார்ப்பின் பின்பகுதியிலேயே அடங்கியிருக்கும். வலப்புறம் உள்ள டைமிங் கவருக்குள் இரண்டு சிறு பம்புகள். கிராங்க் தண்டின் நுனியில் உள்ள புழுப்பற்சக்கரம் ஒரு சாய்ந்த தண்டை மெல்லச் சுழற்ற, அத்தண்டு இரு பம்புகளையும் இயக்கும். ஒன்று எண்ணெயை அனுப்பும். மற்றொன்று கீழே வடிந்த எண்ணெயைத் திரும்பக் கொண்டுவரும். அனுப்பும் பம்பிலிருந்து வரும் எண்ணெய், அதே கவரின் அடிப்பகுதியில் குடையப்பட்ட உருளை அறை ஒன்றுக்குள் புகும். வடிகட்டி அங்கேதான் இருக்கிறது. அதனூடாகக் கசிந்து தூய்மையான எண்ணெய், கிராங்க் தண்டின் உள்துளை வழியே, கனெக்டிங் ராடின் கீழ்முனைத் தாங்கியை அடையும். பட்டறைகளில் இதைப் 'பிக் எண்ட்' என்பர். என்ஜினின் ஆயுள் என்று எதையேனும் சொல்ல வேண்டுமாயின் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த அறைக்குள் இருந்த வடிகட்டி கம்பளியால் ஆனது. நெய்யப்பட்டதன்று; அழுத்திப் பிணைத்த ஃபெல்ட். இந்தியில் நம்தா என்ற சொல் உண்டு. பாரசீகத்திலிருந்து வந்தது, குதிரைச் சேணத்துக்கு அடியில் இடும் விரிப்பையும் குறிக்கும். குதிரைக்கு வியர்வை உறிஞ்சிய பொருள் இரும்புக் குதிரைக்கு அழுக்கு உறிஞ்சியது என்று எழுதினால் மேடைப்பேச்சு போலாகிவிடும். ஆனால் பொருள்வகையில் அது உண்மை. அக்காலத்து ஆங்கிலேய என்ஜின் ஒன்றைப் பிரித்தால் இரும்போடும் அலுமினியத்தோடும் கம்பளி, தக்கை, தோல், தாள் ஆகியவையும் கிடைக்கும். ரப்பரும் நெகிழியும் அவற்றின் இடத்தைப் பிடித்தது பின்னால்.

கம்பளி வடிகட்டியைக் குறித்து இன்று பேசுவோர் அதைத் தொல்லை என்கிறார்கள். தொல்லை எங்கே என்று துல்லியமாகப் பார்க்க வேண்டும். மூடியின் மரையைக் கழற்றுவது கடினமன்று. உள்ளே ஒரு சுருள்வில்லும் சிறு வாஷர்களும் உள்ளன. அவற்றின் வரிசை பிசகக் கூடாது. வெளியே எடுத்த கம்பளியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெட்ரோலில் அலசி, உலர்த்தி, மீண்டும் இடலாம். பலமுறை அலசிய பிறகே புதியது தேவைப்படும். உண்மையான அபாயம் அதற்குப் பின் வருகிறது. அறை காலியாக இருக்கும். அந்நிலையில் என்ஜினை உயிர்ப்பித்தால், மெதுவாக இயங்கும் அந்தப் பம்பு முதலில் அறையை நிரப்பிவிட்டுத்தான் பிக் எண்டுக்கு எண்ணெயை அனுப்பும். அதுவரை தாங்கி உலர்ந்து சுழலும். எனவே அறையில் எண்ணெயை ஊற்றி நிரப்பி, டைமிங் கவரில் உள்ள திருகு மூடியைச் சற்றே தளர்த்தி, டிகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்தபடி கிக்கரைப் பல முறை மிதித்து, அவ்விடத்தில் எண்ணெய் கசிவதைக் கண்ணால் கண்ட பின்னரே என்ஜினை இயக்க வேண்டும். இது தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. தெரியாதவருக்கு ஒரு கிராங்க் செலவு.

இந்த வடிவமைப்பு ஒருவரை முன்னரே கற்பனை செய்துகொண்டது என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. வரிசை அறிந்த, நிரப்ப மறக்காத, கசிவைக் காத்திருந்து பார்க்கும் ஒரு கை அருகில் இருக்கும் என அது எடுத்துக்கொண்டது. ரெட்டிச்சில் அந்தக் கை பெரும்பாலும் வண்டிச் சொந்தக்காரருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையில் அமர்ந்து தம் வண்டியைத் தாமே பிரிக்கும் ஆங்கிலேயத் தொழிலாளி. பம்பாயில் அந்தக் கை மிஸ்திரியுடையது.

மிஸ்திரி என்ற சொல்லை விட்டுவிட்டு மேலே செல்ல இயலாது. போர்ச்சுகீசியத்தின் மெஸ்த்ரெ, மராத்தியிலும் இந்தியிலும் மிஸ்திரி ஆயிற்று. தமிழில் அதே சொல் மேஸ்திரி எனப் புகுந்து, பெரும்பாலும் கட்டடவேலைத் தலைவரைக் குறிக்கலாயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் ஆலை வேலைக்கும் தாராவிக்கு வந்து குடியேறிய தமிழர் நாவில் இரண்டும் அருகருகே வாழ்கின்றன. மேஸ்திரி சுவர் எழுப்புவார். மிஸ்திரி மோட்டார் பிரிப்பார். ஒரே வேர்ச்சொல் இரு வழியில், கடல் வழி ஒன்றும் ரயில் வழி ஒன்றுமாக, ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்பேனர் அங்கே பானா ஆகிறது. கேஸ்கெட்டுக்கு எல்லா மொழியிலும் பேக்கிங் என்றே பெயர். எண்ணெய் தங்கும் அடிப்பகுதி சேம்பர். 'எண்ணெய் வடிகட்டி' என்ற பாடநூல் தொடரை அங்கு எவரும் சொல்வதில்லை, ஃபில்டர் என்கிறார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழில் வடித்தல் என்பது சோற்றுக் கஞ்சியை வடிப்பதையும் குறிக்கும், வடிகட்டி என்பதிலும் நிற்கும். எண்ணெய் மாற்றும் வேலையின் இரு பாதிகளையும், அதாவது பழையதை வடித்தலையும் அழுக்கை வடிகட்டுதலையும், ஒரே வேரால் சொல்லிவிடும் வசதி இந்த மொழிக்கு உண்டு.

மாட்டுங்கா, செம்பூர்த் தமிழரிடையே நிலைமை வேறு. அலுவலக வேலைகளைத் தேடி வந்த குடும்பங்கள் அங்கே மிகுதி. வண்டியை ஓட்டும் தமிழரும் அதைப் பிரிக்கும் தமிழரும் ஓரிரு ரயில் நிலைய இடைவெளியில் வாழ்ந்தாலும் ஒரே தமிழைப் பேசவில்லை. பட்டறையில் பெரும்பாலும் பம்பாய் இந்தியில்தான் சந்தித்துக்கொண்டனர். மாட்டுங்காவில் 1923 முதல் இயங்கிவரும், முன்னர் விக்டோரியா ஜூபிலி என்ற பெயர் கொண்டிருந்த தொழில்நுட்பக் கழகத்தில் உயவியல் பாடமாகப் படித்த பொறியாளர்களும் உண்டு. அங்கிருந்து சிறிது தொலைவில், அதே பாடத்தைக் கிக்கரை மிதித்துக் கற்ற பையன்களும் உண்டு. இவ்விரண்டு அறிவுகளுக்கும் இடையே எழுத்து வழிப் போக்குவரத்து மிகக் குறைவு. மிஸ்திரியின் அறிவு கையேடாக எழுதப்படவில்லை. அதனால்தான் அதன் வரலாற்றை வடிகட்டி போன்ற பொருள்களின் வழியே தேட வேண்டியிருக்கிறது.

பம்பாயின் பெரும்பான்மை இருசக்கர வண்டிகளுக்கு எண்ணெய் வடிகட்டியே இருந்ததில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாண்டுப்பில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்த லாம்ப்ரெட்டா இரட்டை வீச்சு என்ஜின் கொண்டது. (அந்நிறுவனத்தைப் பின்னர் நடத்தியவர் சென்னையின் எம். ஏ. சிதம்பரம், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்தவர். பம்பாயின் ஸ்கூட்டர் வரலாற்றிலும் ஒரு தமிழ் இழை ஓடுகிறது.) மைசூரிலிருந்து வந்த ஜாவா, யெஸ்டி, வடக்கிலிருந்து வந்த ராஜ்தூத், புனேயின் பஜாஜ் ஸ்கூட்டர் ஆகியவையும் அவ்வகையே. அவற்றில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தார்கள். அது ஒருமுறை உயவிவிட்டு எரிந்து நீலப் புகையாக வெளியேறியது. திரும்பி வராத எண்ணெய்க்கு வடிகட்டி எதற்கு? நான்கு வீச்சு புல்லட் மட்டுமே தன் எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுழற்றியது. ஆகவே கம்பளி அலசும் வித்தை அறிந்த மிஸ்திரி, ஸ்கூட்டர் மிஸ்திரியிலிருந்து வேறுபட்டவர். புல்லட் மிஸ்திரி என்று தனியொரு பெயர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

எண்ணெயே எங்கிருந்து வந்தது? செம்பூரின் தெற்கு விளிம்பில், மாஹுல், டிராம்பே பகுதியிலிருந்து. 1954இல் ஸ்டாண்டர்டு வேக்குவம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையும், 1955இல் பர்மா ஷெல்லின் ஆலையும் அங்கே எழுந்தன. 1960களின் இறுதியில் எஸ்ஸோவும் இந்திய அரசும் சேர்ந்து உருவாக்கிய லூப் இந்தியா நிறுவனம் அங்கேயே உயவெண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயைப் பிரித்தெடுக்கத் தொடங்கியது. 1974இல் எஸ்ஸோவின் இந்தியக் கிளையும் லூப் இந்தியாவும் இணைந்து இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆயின. அதன் மும்பை ஆலை இன்றும் உயவெண்ணெய்க்குப் பெயர்பெற்றது. செம்பூரில் ஒருவர் தம் புல்லட்டில் ஊற்றிய எண்ணெய் பெரும்பாலும் அவர் வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் புகைபோக்கிகளுக்கு அடியில் பிறந்தது.

கம்பளியின் வீழ்ச்சிக்கு விதையிட்டதும் அந்த எண்ணெய்தான். பழைய எண்ணெய்களில் அழுக்கைத் தாங்கி மிதக்கவைக்கும் வேதிப்பொருள் இல்லை. கரியும் உலோகத்தூளும் தொட்டியின் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். வடிகட்டிக்கு வருவது மிச்சமே. பின்னர் வந்த டிடர்ஜென்ட் எண்ணெய்கள் அழுக்கைப் படியவிடாமல் தம்மோடு சுமந்து திரியும்படி அமைக்கப்பட்டவை. படியும் பொறுப்பைத் தொட்டி கைவிட்டால் பிடிக்கும் பொறுப்பு வடிகட்டியின் மேல் விழுகிறது. பல ஆண்டு வண்டல் தங்கிய பழைய என்ஜினில் புதுவகை எண்ணெயை ஊற்றினால், அது வண்டலையும் கரைத்து ஒரே நேரத்தில் வடிகட்டிக்கு அனுப்பக்கூடும். கம்பளி தன் தடிப்பு முழுவதிலும் அழுக்கை உள்வாங்கும். வெளியே கருமை தெரிவதற்குள் உட்புறம் அடைத்திருக்கும். அலசினாலும் ஆழத்தில் புதைந்தது வெளியேறாது. மும்பையின் மழைக்காலம் இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. சயானிலிருந்து செம்பூர் வரையிலான சிறு ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூடேறுவதில்லை. உள்ளே குளிர்ந்த ஈரம் எண்ணெயோடு கலந்து பால் விட்ட தேநீரின் நிறத்தில் ஒரு பசையாகிறது. அலசி உலர்த்திய கம்பளியும் ஜூலை மாதத்தில் எளிதில் உலராது.

மாற்று வழிகள் உலகில் முன்னரே இருந்தன. 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் காருக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கி ப்யூரோலேட்டர் என்று பெயரிட்டார். 1950களின் நடுவில், உறையோடு சேர்த்துத் திருகி மாட்டி, சேர்த்தே கழற்றி எறியும் வடிகட்டி சந்தைக்கு வந்தது. கைக்கு அழுக்குப்படாத, வரிசை பிசக வழியில்லாத ஒரு டப்பா. மோட்டார் சைக்கிள்கள் அதைத் தயங்கித் தயங்கியே ஏற்றன. 1969இன் ஹோண்டா சிபி750 தாள் வடிகட்டியை ஏற்றாலும் அதைத் தனி உறைக்குள் வைத்து நடுவே ஒரே போல்ட்டால் இறுக்கியது. அந்தப் போல்ட்டின் தலை தேய்ந்து வழுக்கும் தொல்லையால், திருகு வடிகட்டிக்கு மாற்றித் தரும் இடைத்துண்டுகளை அயல்நாட்டு ஆர்வலர்கள் இன்றளவும் வாங்குகிறார்கள். 1972இல் நார்ட்டன் கமாண்டோ கார்வகைத் திருகு வடிகட்டியை நேரடியாகவே ஏற்றது. பொருத்திய இடம் எண்ணெய் திரும்பிவரும் குழாய். அந்த இடத்தேர்வில் ஒரு பாடம் உண்டு. பழைய ஆங்கிலேய என்ஜின்களின் பம்புகள் காரின் பம்பைப் போல் அழுத்தம் தருபவை அல்ல. அனுப்பும் வழியில் கூடுதல் தடை வைத்தால் பிக் எண்ட் பட்டினி கிடக்கும். திரும்பும் வழியில் வைத்தால் அந்த ஆபத்து குறைவு.

புல்லட்டில் இந்தப் பாடத்தைப் பின்பற்றுவது எளிதன்று. அதன் வழிகள் பெரும்பாலும் வெளியே தெரியும் குழாய்களாக இல்லாமல் வார்ப்புக்குள் துளைகளாக ஓடுகின்றன. வெளியே வடிகட்டி வைக்க விரும்புவோர் டைமிங் கவரைத் துளைக்கவோ, ஒரு துளையை அடைத்து வேறொன்றைத் திறக்கவோ வேண்டும். லேத்துப் பட்டறைக்கு அது முடியாத காரியமில்லை. மும்பையில் குர்லாவின் உடைவண்டிச் சந்தையில் ஒரு பழைய கவரை வாங்கி அதைத் துளைத்துவிட்டு, வண்டியோடு வந்த கவரைத் துணியில் சுற்றி வைப்பது அறிவுடைய ஏற்பாடு. கவர் திரும்பப் பொருந்தும்வரை வண்டியின் முதல் நிலை தொலைந்துபோவதில்லை. கையிலிருந்த ஒரே கவரைத் துளைத்தவர்களும் இருக்கவே செய்வர். அவர்களைப் பழிப்பதும் தகாது. ஓடாத அசலைக் காட்டிலும் ஓடும் திருத்தம் மேல் என்பது பயணத்துக்கு வண்டி வைத்திருப்பவரின் நியாயம்; காட்சிக்கு வைத்திருப்பவரின் நியாயம் அன்று.

இறுதியில் பெரும்பான்மை வண்டிகளைச் சென்றடைந்த தீர்வு இவற்றைவிட அடக்கமானது. அதே அறை, அதே மூடி. கம்பளியின் இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சுருட்டிய தாள். நிறுவனமே பின்னாளைய வார்ப்பிரும்பு என்ஜின்களுக்கு இதைத் தந்தது. பழைய வண்டிகளும் ஏற்றுக்கொண்டன. மடிப்பினால் தாளின் பரப்பு பன்மடங்கு. அடைத்தால் வெளியே தெரிந்துவிடும். அலச வேண்டாம், எறிந்துவிடலாம். என்ஜினில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அறையை நிரப்பும் கடமை மட்டும் அப்படியே இருந்தது. இதுதான் இவ்வரலாற்றின் நுட்பமான இடம். பொருள் எளிதாயிற்று; அதைச் சுற்றிய அறிவு எளிதாகவில்லை. மாறாக, தாள் வந்தபின் வேலை எளிது என்ற எண்ணம் பரவ, நிரப்ப வேண்டும் என்பதை அறியாதவரும் மூடியைத் திறக்கும் துணிவு பெற்றனர்.

அக்கடமையைத் தளர்த்த என்ஜினையே மாற்ற வேண்டியிருந்தது. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி100 நான்கு வீச்சு வண்டி என்பதே மிஸ்திரிகளுக்குப் புதிய செய்தி. அதில் தாளும் இல்லை, கம்பளியும் இல்லை. கம்பிவலை ஒன்றும், சுழற்சியின் விசையால் அழுக்கை ஓரத்துக்கு எறியும் சிறு கிண்ணம் ஒன்றுமே வடிகட்டிகள். எண்ணெயை மட்டும் மாற்றினால் போதும் என்ற பழக்கம் அதனால்தான் நாடெங்கும் வேரூன்றியது. திருவொற்றியூர் தன் பங்குக்கு ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து நூற்றாண்டு மாறும் தறுவாயில் ஓர் என்ஜினையும், 2008இல் கியர்பெட்டியும் என்ஜினும் ஒன்றான யூசிஇ என்ஜினையும் கொண்டுவந்தது. பின்னதில் வடிகட்டி, சில போல்ட்டுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும் மூடியின் பின்னே இருந்தது. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் டாப்பெட்டுகள் வந்துவிட்டதால் தூய எண்ணெய் கட்டாயமாகியிருந்தது; எனவே வடிகட்டி மாற்றுவதும் எளிதாக்கப்பட வேண்டியிருந்தது. நிறுவனச் சேவை நிலையங்களில் சீருடை அணிந்த இளைஞர் சில நிமிடங்களில் செய்து முடிக்கும் வேலை அது. புல்லட் மிஸ்திரி என்ற தனிப்பெயர் தேயத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

எளிமை எவருக்கு என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கழுவிப் பயன்படுத்திய கம்பளி குப்பையானது அரிது. தாள் வடிகட்டி ஒவ்வொரு மாற்றத்திலும் எண்ணெய் ஊறிய குப்பையாகிறது; திருகு வடிகட்டி இரும்பு உறையோடும் உள்ளே தேங்கிய எண்ணெயோடும் குப்பையாகிறது. வடித்த கருப்பெண்ணெய் பட்டறையிலிருந்து எங்கே சென்றது என்பதைத் தேடினால் மீண்டும் மேஸ்திரியிடமே வந்து சேர்கிறோம். கான்கிரீட் ஒட்டாதிருக்க சென்ட்ரிங் பலகைகளில் பூசுவதற்குப் பழைய என்ஜின் எண்ணெய் கட்டடவேலைகளில் வெகுகாலம் பயன்பட்டது. மிஸ்திரி வடித்தது மேஸ்திரியின் பலகையில் ஏறி, நகரத்தின் கூரைகளுக்கு அடியில் கறையாக நின்றது. எண்ணெய் வந்த தகரங்களும் பீப்பாய்களும் தாராவியின் 13ஆம் காம்பவுண்டுக்குச் சென்றன. அலசி, நெளிவெடுத்து, மீண்டும் விற்பனைக்கு அனுப்பும் வேலை அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது. கம்பளியை அலசிய அதே மனப்பாங்கு, வேறொரு அளவில்.

இந்தச் சுழற்சியைப் புகழ்ந்து எழுதுவது இப்போது ஒரு பாணியாகிவிட்டது. அதில் ஒரு பாதிதான் உண்மை. அலசியவர்களின் கைகளும் நுரையீரல்களும் கணக்கில் எழுதப்படவில்லை. பெட்ரோலில் நனைந்த விரல்களைக் கொண்டுதான் அந்தச் சிக்கனம் நடந்தது. 1989இன் அபாயக் கழிவு விதிகள் பழைய எண்ணெயைச் சட்டத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தன. 2024 ஏப்ரல் முதல் நாளிலிருந்து உயவெண்ணெயைச் சந்தைக்கு அனுப்புவோரே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. தெருவோரப் பட்டறை ஒன்றில் ஒரு புல்லட்டிலிருந்து வடியும் ஏறத்தாழ இரண்டு லிட்டர் அந்தக் கணக்குக்குள் எவ்வாறு நுழையும் என்பது இனிமேல்தான் தெரியும்.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலம் முடிவானபின், வீடுகள் குறித்து எழுந்த விவாதத்தின் அளவுக்குப் பட்டறைகள் குறித்து விவாதம் எழவில்லை. வீட்டுக்கு ஈடாக வீடு என்பதைச் சதுர அடியில் எழுதிவிட முடியும். லேத்து, அதன் மின்னிணைப்பு, வாசலில் வண்டி நிறுத்தும் இடம், பக்கத்துக் கடையில் கிடைக்கும் வாஷர், இரு தெரு தள்ளி உள்ள வெல்டிங்காரர் ஆகியவற்றின் அண்மையை எந்தப் பத்திரத்தில் எழுதுவது? வடிகட்டியின் வரலாறு காட்டும் பட்டறை அறிவு தனிமனிதர் தலையில் மட்டும் தங்குவதில்லை. அந்த அண்மையிலும் தங்குகிறது.

விதியின் சொல்லுக்குத் திரும்பினால், கம்பளியின் இடத்தில் தாள் வைத்த புல்லட்டை 'பெருமளவு மாற்றம்' என்ற தொடருக்குள் அடைக்க எவரும் முனையமாட்டார்கள் என்றே கொள்ளலாம். துளைத்த கவர் ஐயத்துக்கு இடம் தரும். ஆனால் அசலைச் சான்றளிக்க வருபவர் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது தொட்டியின் வண்ணக்கோடு, விளக்கின் கூடு, என்ஜின் எண் ஆகியவை. மூடிக்குப் பின்னே என்ன இருக்கிறது, கடைசியாக அறையை நிரப்பியது எவர் என்பன மிஸ்திரிக்கு மட்டும் தெரிந்த தகவல்கள். பதிவுப் படிவத்தில் அவற்றுக்கு இடம் இல்லை. பல பட்டறைகளில் வண்டி எண்ணையும் எண்ணெய் மாற்றிய தேதியையும் குறித்துவைக்கும் நோட்டுகள் உண்டு. மசி படிந்த அந்த நோட்டுகளை எந்த நூலகமும் இன்றுவரை ஆவணமாகக் கருதிச் சேகரிக்கப் புறப்பட்டதில்லை. அவை பழைய காகிதமாகத் தாராவிக்கே எடைக்கு வரும்.